போரும் விளையாட்டுத் தடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு படையெடுத்த செய்தி வந்த சில மணி நேரத்திலேயே "அந்த நாட்டை விளையாட விடாதீர்கள்" என்ற குரலும் எழுந்துவிடுகிறது. சில நேரம் அது நான்கே நாளில் பலிக்கிறது, சில நேரம் ஆண்டுக்கணக்கில் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் இந்த வித்தியாசம்? இதைச் சுற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போருக்காக ஒரு நாட்டை முதலில் ஒதுக்கி வைத்தது எப்போது?

முதல் உலகப் போர் முடிந்த கையோடு. 1920 ஒலிம்பிக்கை ஆன்ட்வெர்ப் நகரில் நடத்தியது பெல்ஜியம், நான்கு ஆண்டு ஜெர்மன் படையின் பிடியில் கிடந்த நாடு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகிய ஐந்துக்கும் அழைப்பே போகவில்லை. 1924 பாரிஸிலும் ஜெர்மனிக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மனியும் ஜப்பானும் இல்லை. போரின் நடுவில் பக்கம் மாறிய இத்தாலி மட்டும் வந்து விளையாடியது.

இவையெல்லாம் தோற்றவர்களுக்கு வென்றவர்கள் கொடுத்த தண்டனை. மக்கள் திரண்டு தடை கேட்கும் வழக்கம் பின்னால் வந்தது. அதற்குப் பாதை போட்டது தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிரான போராட்டம். அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் ராபன் தீவுச் சிறையில் இருந்தபோதுதான், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை என்ற முடிவு வந்தது. 1970இல் அந்த நாடு ஒலிம்பிக் இயக்கத்தை விட்டே வெளியேற்றப்பட்டது. இன்று போருக்காகத் தடை கேட்பவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் போராட்டத்தின் வழிமுறைகளைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

தடை விதிக்கும் அதிகாரம் யாருக்கு?

ஒரே ஒரு இடத்தில் இல்லை. ஒலிம்பிக்கில் யார் பங்கேற்கலாம் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தீர்மானிக்கும். கால்பந்துக்கு ஃபிஃபா, ஐரோப்பியக் கால்பந்துக்கு யூஃபா, தடகளத்துக்கு ஒன்று, ஜூடோவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சம்மேளனம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் கமிட்டி வேறு. ஒன்று எடுத்த முடிவு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது.

ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் தலைவர் ஷேக் ஃபஹத் அல் சபா அன்றே, குவைத்தின் தஸ்மான் அரண்மனையருகே நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் ஈராக் இல்லை, 2006 தோஹா வரை ஆசியப் போட்டிப் பக்கமே அது வர முடியவில்லை. ஆனால் அதே ஈராக் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது, 1993இல் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்றிலும் ஆடியது. போர் ஒன்றுதான், முடிவுகள் மூன்று.

ஆகவே "சர்வதேச விளையாட்டிலிருந்து தடை செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யார் காதிலும் விழாது. எந்தச் சம்மேளனம், எந்தப் போட்டி, எந்த விதி என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐ.நா. நேரடியாகத் தடை விதிக்க முடியாதா?

முடியும், யூகோஸ்லாவியா விஷயத்தில் விதித்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த போஸ்னியாவில் போர் மூண்டதும் 1992 மே 30 அன்று பாதுகாப்பு கவுன்சில் கொண்டுவந்த 757ஆம் தீர்மானத்தில், எண்ணெய், வணிகம், விமானப் போக்குவரத்துத் தடைகளோடு விளையாட்டும் சேர்க்கப்பட்டது. யூரோ கால்பந்து தொடங்க அப்போது பதினோரு நாள்தான் பாக்கி. யூகோஸ்லாவிய அணி ஏற்கெனவே சுவீடனில் இறங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தது, அப்படியே திருப்பி அனுப்பப்பட்டது. தகுதிச்சுற்றில் அவர்களுக்கு அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க்கை அவசரமாக அழைத்தார்கள். அந்த டென்மார்க் இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் டென்மார்க்கோடு முடித்துவிடுவார்கள். எனக்கு யூகோஸ்லாவியப் பயிற்சியாளர் இவிட்சா ஓசிம்தான் நினைவுக்கு வருகிறார். போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் பிறந்தவர். அவர் குடும்பமும் ஊரும் முற்றுகையில் சிக்கிக் குண்டுவீச்சுக்கு ஆளாகிக்கொண்டிருந்தபோது, தடை வருவதற்கு ஒரு வாரம் முன்பே பதவியை விட்டு விலகினார். தன் ஊருக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சம்மேளனமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

பாதுகாப்பு கவுன்சில் வழி எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும் ரத்து அதிகாரம் (வீட்டோ) இருக்கிறது. அவர்கள் மீதோ அவர்கள் காக்கும் நாடுகள் மீதோ அங்கே தீர்மானம் நிறைவேறாது.

படையெடுத்தால் தடை என்று விதி ஏதும் இல்லையா?

நேரடியாக இல்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஒலிம்பிக் சாசனம் அரசியல் நடுநிலையைப் பேசுகிறது. ஃபிஃபாவின் சட்டத்தில் மனித உரிமையை மதிப்பதாக ஒரு பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரு பிரிவும் உண்டு. ஆனால் "இன்னொரு நாட்டின் மீது போர் தொடுக்கும் உறுப்பினர் நீக்கப்படுவார்" என்ற வரியை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

அதற்கு மிக அருகில் வருவது ஒலிம்பிக் போர்நிறுத்தம். ஒலிம்பிக் தொடங்க ஏழு நாள் முன்பிலிருந்து பாராலிம்பிக் முடிந்து ஏழு நாள் வரை ஆயுதங்கள் ஓய வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை ஒவ்வொரு முறையும் தீர்மானம் போடுகிறது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கிய நாளில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரில் இறங்கின. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் முடிந்த சூட்டில் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பிடித்துக்கொண்டது, பாராலிம்பிக் அதே சோச்சியில் நடந்து முடிந்தது. அப்போது ரஷ்யாவை யாரும் வெளியேற்றவில்லை. நான்கு ஆண்டு கழித்து உலகக் கோப்பைக் கால்பந்தையே அது நடத்தியது. 2022 பிப்ரவரி 20 அன்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் நிறைவடைந்தது, 24ஆம் தேதி உக்ரைன் மீது படையெடுப்பு. மூன்றாவது முறைதான் விளையாட்டு உலகம் விழித்துக்கொண்டது.

விதி இல்லாததால் வேறு வாசல் வழியாகத்தான் முடிவுகள் வருகின்றன. 2023 அக்டோபரில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்யப்பட்டபோது, ஆவணத்தில் சொல்லப்பட்ட காரணம் போர் இல்லை. தோனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கெர்சோன், ஸபோரீஷியா ஆகிய உக்ரைன் பகுதிகளின் விளையாட்டு அமைப்புகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதுதான் காரணம். இன்னொரு நாட்டுக் கமிட்டியின் எல்லைக்குள் கை வைத்தது தெளிவான சாசன மீறல். அதேபோல ரஷ்யக் கால்பந்துச் சங்கம் மேல்முறையீடு செய்தபோது, லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் போரின் நியாய அநியாயத்துக்குள் போகவில்லை. எதிர்பாராத சூழ்நிலையில் போட்டிகளைப் பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் நடத்த எடுத்த முடிவு என்ற அடிப்படையில்தான் 2022 ஜூலையில் தடையை உறுதி செய்தது.

அப்படியானால் ஒரு பிரசாரம் வெல்வது எதனால்?

எதிரணிகள் ஆட மறுப்பதால். அதுவும் சேர்ந்து மறுப்பதால். நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் எனக்குத் தெரிவது இதுதான்.

தனியாக மறுத்தவர்கள் கதையை முதலில் பாருங்கள். 1958 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் துருக்கி, இந்தோனேசியா, சூடான் மூன்றும் வெவ்வேறு கட்டத்தில் இஸ்ரேலோடு ஆட மறுத்தன. மறுத்தவர்கள் வெளியே போனார்கள், இஸ்ரேல் ஆடாமலே மேலே போனது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உலகக் கோப்பைக்கு வரக் கூடாது என்று ஃபிஃபா வேல்ஸ் அணியை எதிரே நிறுத்தியதால்தான் இஸ்ரேல் தடுக்கப்பட்டது. 1973இல் சிலியின் சாண்டியாகோ தேசிய அரங்கத்தில், ராணுவப் புரட்சிக்குப் பின் கைதிகளை அடைத்து வைத்த அதே இடத்தில், ஆட மாட்டோம் என்றது சோவியத் யூனியன். ஃபிஃபா ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு ஆடலாம் என்றது. எதிரணி இல்லாத மைதானத்தில் சிலி வீரர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் காலி கோலுக்குள் போட்டார்கள். சோவியத் வெளியே, சிலி உலகக் கோப்பையில். அடுத்த ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு வந்த இந்தியா, எதிரே தென்னாப்பிரிக்கா என்றதும் ஆட மறுத்தது. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது, கோப்பையை வெல்லக்கூடிய அணி. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்த நாடு வென்ற ஒரே டேவிஸ் கோப்பை அதுதான்.

இந்த மூன்றிலும் விலை கொடுத்தவர்கள் மறுத்தவர்களே. அவர்கள் செய்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன், இந்தியாவின் மறுப்பு இன்றும் மரியாதையோடு பேசப்படுகிறது. ஆனால் எதிராளி தடை செய்யப்படவில்லை.

இப்போது கூட்டாக மறுத்ததைப் பாருங்கள். 1968 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவை மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு அழைக்க ஒலிம்பிக் கமிட்டி முடிவு செய்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக வர மாட்டோம் என்றன, சோவியத் முகாமும் முணுமுணுத்தது. சில வாரத்தில் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1972இல், வெள்ளைச் சிறுபான்மை ஆட்சியில் இருந்த ரொடீஷியாவுக்கும் (இன்றைய ஜிம்பாப்வே) இதே கதிதான். மியூனிக் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, அணி அங்கே வந்து இறங்கிய பிறகு வெளியேற்றப்பட்டது.

2022இல் நடந்ததை நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மார்ச் 24 அன்று மாஸ்கோவில் ரஷ்யாவும் போலந்தும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஆட வேண்டும். அதில் வெல்பவர் சுவீடனையோ செக் குடியரசையோ சந்திக்க வேண்டும். பிப்ரவரி 26 அன்று போலந்து சங்கம் ஆட மாட்டோம் என்று அறிவித்தது, கேப்டன் லெவண்டோவ்ஸ்கி உடன் நின்றார். சுவீடனும் செக் குடியரசும் அதையே சொல்லின. 27ஆம் தேதி ஃபிஃபா ஒரு சமரசம் சொன்னது: பொது மைதானம், கொடி வேண்டாம், கீதம் வேண்டாம், சங்கத்தின் பெயரில் ஆடட்டும். மூன்று நாடும் ஏற்கவில்லை. 28ஆம் தேதி இடைநீக்கம். அந்தப் பாதையில் ரஷ்யாவை எதிர்கொள்ள ஒரு அணிகூட மிச்சமில்லை. போட்டியை நடத்தவே முடியாது என்ற நிலை வந்தபோதுதான் முடிவும் வந்தது.

பாராலிம்பிக்கில் இது இன்னும் அப்பட்டம். மார்ச் 2 அன்று ரஷ்ய வீரர்களும், அதன் படைக்கு வழிவிட்ட பெலாரஸின் வீரர்களும் நாட்டின் பெயரும் கொடியும் இல்லாமல் நடுநிலையாகப் பங்கேற்கலாம் என்றார்கள். அன்று இரவே பல அணிகள் நாங்கள் கிளம்புகிறோம் என்றன. மார்ச் 3 அன்று முடிவு தலைகீழானது, 83 வீரர்கள் வீடு திரும்பினார்கள். மார்ச் 4 தொடக்க விழா. ஒரே நாளில் சாசனமா மாறியது?

வீரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மிக நியாயமான கேள்வி. பதினைந்து ஆண்டு பயிற்சி செய்த ஒருவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பு ஒரு முறையோ இரண்டு முறையோதான் வரும். அவர் போரைக் கேட்கவில்லை, ஆதரிக்காமலும் இருக்கலாம்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் நடுநிலை வீரர். 1992 பார்சிலோனாவில் யூகோஸ்லாவியர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ்த் தனிநபர்களாகப் பங்கேற்றார்கள், துப்பாக்கி சுடுதலில் மூன்று பதக்கமும் வாங்கினார்கள். 2024 பாரிஸில் நிபந்தனைகள் கடுமையாயின: அணி விளையாட்டு கிடையாது, போரை ஆதரித்துப் பேசியிருக்கக் கூடாது, ராணுவத்திலோ பாதுகாப்புத் துறையிலோ ஒப்பந்தம் இருக்கக் கூடாது. கடைசியில் ரஷ்யாவிலிருந்து 15 பேரும் பெலாரஸிலிருந்து 17 பேரும் வந்தார்கள். தொடக்க விழா அணிவகுப்பில் அவர்களுக்கு இடமில்லை, அவர்கள் பதக்கங்கள் நாடுகளின் பட்டியலில் ஏறவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து எல்லோரையும் வெளியே தள்ளுவதைவிட இது மேல் என்பது என் கருத்து. 2022இல் விம்பிள்டன் அப்படித்தான் தள்ளியது, சொந்தப் பெயரில் ஆடும் டென்னிஸ்காரர்களை. ஆண், பெண் டென்னிஸ் சங்கங்கள் பதிலுக்குத் தரவரிசைப் புள்ளிகளை நிறுத்தின. அந்த ஆண்டு மகளிர் பட்டத்தை வென்றது மாஸ்கோவில் பிறந்து கஜகஸ்தானுக்காக ஆடிய எலேனா ரிபாகினா. அடுத்த ஆண்டே விம்பிள்டன் தடையைத் தளர்த்தியது.

ஆனால் நடுநிலை என்ற ஏற்பாட்டின் பாரம் யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் மிலான் நகரில் உலக வாள்வீச்சுப் போட்டி. உக்ரைனின் ஓல்ஹா ஹர்லான், நடுநிலை வீராங்கனையாக வந்த ரஷ்யாவின் ஆன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று வென்றார். விதிப்படி கை குலுக்க வேண்டும். ஹர்லான் கையை நீட்டவில்லை, தன் வாளை நீட்டி முனையை மோதிக்கொள்ளலாம் என்று காட்டினார். ஸ்மிர்னோவா ஏற்கவில்லை, நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார். கடைசியில் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் ஹர்லான்தான். குண்டு விழும் நாட்டிலிருந்து வந்தவர், ஜெயித்தவர், வெளியே. அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக் தலையிட்டு அவருக்குப் பாரிஸில் இடம் உறுதி செய்தார். பாக்கும் வாள்வீச்சு வீரர். 1976இல் தங்கம் வென்றவர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அவர் நாடான மேற்கு ஜெர்மனி புறக்கணித்ததால் அந்த வாய்ப்பை இழந்தவர். ஹர்லான் பாரிஸில் தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வென்றார்.

ரஷ்யாவுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா?

ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. மழுப்புவதில் பயனில்லை.

2003இல் ஈராக் மீது படையெடுத்த அமெரிக்காவும் பிரிட்டனும் அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் எந்தத் தடையும் இல்லாமல் கலந்துகொண்டன. 1956இல் ஹங்கேரிக்குள் டாங்கிகளை அனுப்பிய சோவியத் யூனியன் அடுத்த சில வாரத்தில் மெல்போர்னில் விளையாடியது. கோபப்பட்டு வராமல் போனவை நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து.

இஸ்ரேல் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஸா போரை முன்னிட்டு, இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்தை இடைநீக்கம் செய்யக் கோரி 2024 மே மாதம் பாங்காக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் பாலஸ்தீனச் சங்கம் மனு வைத்தது. ஃபிஃபா சட்ட ஆலோசனைக்கு அனுப்பியது, அக்டோபரில் இரண்டு குழுக்களிடம் ஒப்படைத்தது. 2025 செப்டம்பரில் ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் சிலர் இடைநீக்கம் கோரினார்கள். அடுத்த மாதம் ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ, புவிசார் அரசியல் சிக்கல்களை ஃபிஃபாவால் தீர்க்க முடியாது என்றார். ரஷ்யாவுக்கு நான்கு நாள் எடுத்த அமைப்பு இது.

இரண்டு போரும் ஒன்றல்ல, 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில்தான் இது தொடங்கியது என்று இஸ்ரேல் தரப்பு சொல்கிறது. அந்த வாதத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதற்குள் போகாமலே ஒப்பிடக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. கிரிமியாவின் கிளப்புகள் ரஷ்ய லீகில் ஆடக் கூடாது என்று 2014 டிசம்பரில் யூஃபா முடிவு செய்தது, அந்த மண் உக்ரைன் சங்கத்துக்கு உரியது என்பதால். ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியிருப்புகளின் கிளப்புகள் இஸ்ரேல் லீகில் ஆடுவதைப் பற்றிப் பாலஸ்தீனச் சங்கம் பல ஆண்டாகப் புகார் சொல்கிறது. 2017 அக்டோபரில் ஃபிஃபா, நடவடிக்கை எதுவும் எடுப்பதில்லை என்று முடித்துவிட்டது. விதி ஒன்று, நிலம் வேறு, தீர்ப்பும் வேறு. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

காரணம் முன்னால் சொன்னதுதான். 1974இல் ஆசியச் சம்மேளனத்தில் அரபு நாடுகள் சேர்ந்து வாக்களித்து இஸ்ரேலை வெளியேற்றின. பல ஆண்டு அலைந்து 1994இல் அது யூஃபாவின் முழு உறுப்பினரானது. இன்று அது ஆட வேண்டிய எதிரணிகள் ஐரோப்பியர்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆட மாட்டோம் என்று சொல்லும்வரை மனுக்கள் குழுவிலிருந்து குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

போட்டியை நடத்தும் நாடு விசா மறுத்துத் தடுக்கலாமா?

செய்து பார்த்தார்கள், கையைச் சுட்டுக்கொண்டார்கள். இஸ்ரேல் அணிக்கு எதிர்ப்பு கிளம்பியதால் 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தோனேசியா இழந்தது, போட்டி அர்ஜென்டினாவுக்குப் போனது. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு இஸ்ரேல் வீரர்களுக்கு விசா தரவில்லை. அங்கே போட்டிகளை நடத்த வேண்டாம் என்று ஒலிம்பிக் கமிட்டி சம்மேளனங்களுக்குப் பரிந்துரைத்தது.

தடையால் போர் நின்றுவிடுமா?

நிற்காது. விளையாட்டுத் தடையால் மட்டும் நின்ற போர் ஒன்றுகூட இல்லை. யூகோஸ்லாவியா தடை செய்யப்பட்ட பிறகும் போஸ்னியாவில் மூன்று ஆண்டுக்கு மேல் ரத்தம் ஓடியது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி வீழ்ந்ததற்கும் உள்நாட்டுப் போராட்டம், பொருளாதாரத் தடை, பனிப்போரின் முடிவு என்று பல காரணங்கள்.

ஆனால் ஒன்று நடக்கிறது: காட்சிக்கு மேடை கிடைக்காமல் போகிறது. 2018இல் மாஸ்கோவில் உலகத் தலைவர்கள் சூழ உலகக் கோப்பை இறுதி நடந்தபோது, கிரிமியா ஏற்கெனவே நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பில் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று சொந்த மக்களுக்குக் காட்ட ஒரு ஆட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? தாக்கப்பட்ட நாட்டு வீரர், தன் வீட்டை இடித்தவர்களின் கொடி ஏறும்போது எழுந்து நிற்கத் தேவையில்லை என்பதும் சின்ன விஷயமில்லை. இந்த இரண்டுக்காகவே தடை கேட்கலாம்.

தடை எப்படி நீங்கும்?

பல பிரசாரங்கள் இதை யோசிப்பதே இல்லை. தென்னாப்பிரிக்கா விஷயத்தில் தெளிவு இருந்தது: நிறவெறிச் சட்டங்கள் போக வேண்டும். போகத் தொடங்கின, 1992 பார்சிலோனாவுக்கு அவர்கள் வந்தார்கள். யூகோஸ்லாவியா மீதான விளையாட்டுத் தடையை 1994 செப்டம்பரில் 943ஆம் தீர்மானம் நிறுத்தி வைத்தது. போஸ்னியாவில் போரிட்டுக்கொண்டிருந்த செர்பியர்களுக்கு உதவி போகும் எல்லையை பெல்கிரேடில் இருந்த யூகோஸ்லாவிய அரசு மூடியதற்குக் கிடைத்த சலுகை அது.

ரஷ்யாவுக்கு அப்படி ஒரு நிபந்தனையை எந்த அமைப்பும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அதனால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கதவு திறக்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் சியோலில் கூடிய பாராலிம்பிக் பொதுச்சபை, ரஷ்யா, பெலாரஸ் மீதான இடைநீக்கத்தைத் தொடர வேண்டாம் என்று வாக்களித்தது. அதே ஆண்டு ஜூடோ சம்மேளனமும் ரஷ்யக் கொடியைத் திரும்ப அனுமதித்தது. களத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை, மறுத்தவர்கள் சோர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தடை கேட்டு மனு எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே "இன்னது நடந்தால் நீக்கலாம்" என்ற வரியையும் எழுதிக் கேட்க வேண்டும். படை விலகுவதா, போர்நிறுத்தமா, பிடித்த பகுதியின் விளையாட்டு அமைப்புகளைத் திருப்பித் தருவதா என்று அதில் பெயர் சொல்லி இருக்க வேண்டும்.